மோட்டார் வண்டியின் வர்ணமும் அதில் விழும் கீறல்களும்

சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்கள் கூடிப் பேசும் இடத்தில் பெட்ரோல் விலைக்கு அடுத்தபடியாக அடிபடும் விஷயம் கீறல்தான். பற்பசை தேய்த்தால் போய்விடும் என்பார் ஒருவர். தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும் என்பார் மற்றொருவர். கையில் காசுள்ளவரோ, கதவு முழுவதையும் பட்டறையில் விட்டுப் புதிதாகப் பெயின்ட் அடித்துவிடுவதே உத்தமம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இவர்கள் எல்லாருமே ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில் பலித்ததைக் கண்டே பேசுகிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் கண்ட கீறல் மற்றவர் கண்ட கீறல் அல்ல. வர்ணத்தின் எந்த அடுக்கு வரை கோடு இறங்கியிருக்கிறது என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் சொல்லப்படும் பரிகாரம், பலித்தால் அதிர்ஷ்டம் என்ற அளவிலேயே நிற்கும். ஆகவே பரிகாரங்களை விசாரிக்கு முன், அந்த வர்ணம் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது அவசியமாகிறது.

இன்றைய தொழிற்சாலையில் உருவாகும் காரின் உடற்கூடு, துத்தநாகம் பூசிய எஃகுத் தகடுகளால் ஆனது. அதைப் பாஸ்பேட் கரைசலில் குளிப்பாட்டிய பின், பெரிய தொட்டி ஒன்றில் முழுமையாக முக்கி மின்சாரத்தைச் செலுத்தும்போது, இண்டு இடுக்குகளிலும் விடாமல் சுமார் 20 மைக்ரான் கனத்துக்குத் துருத்தடுப்புப் பூச்சு ஒன்று படிந்துவிடுகிறது. அதன்மேல் 30 அல்லது 35 மைக்ரான் அளவுக்குப் பிரைமர். பிரைமருக்கு மேல், நாம் காசு கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் அந்த நிறம், வெறும் 12 முதல் 20 மைக்ரான் வரை. எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கும் கிளியர் கோட், 40 முதல் 50 மைக்ரான் வரை. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் கனமுள்ளது என்று கொண்டால், எஃகுக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்கும் இந்த நான்கு அடுக்குகளும் சேர்ந்தும் இரண்டு மயிரிழைகளின் கனத்தை எட்டுவதில்லை. சாமானியமாகக் கீறல்கள் விழுவதும், நாம் தேய்த்து விளையாடுவதும் இவற்றில் மேல் அடுக்கு ஒன்றில்தான்.

இந்த அமைப்பு எப்போதும் இருந்ததன்று. குதிரை வண்டிகள் செய்த காலத்து வழக்கமே முதலில் மோட்டாருக்கும் வந்தது. சென்னையில் 1840இல் தோன்றிய சிம்ப்ஸன் கம்பெனி ஆதியில் கோச்சு வண்டி கட்டிய ஸ்தாபனம் என்பதும், அங்கேதான் 1903இல் நீராவி மோட்டார் ஒன்று உருவானது என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். அக்காலத்து வண்டிகளுக்கு ஆளி விதை எண்ணெயில் குழைத்த வர்ணத்தையும் வார்னிஷையும் தூரிகையால் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் தேய்த்து, மறுபடி பூசி, ஒரு வண்டியை வெளியே அனுப்ப வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். அமெரிக்காவில் டியூபாண்ட் கம்பெனியார் தயாரித்த டூகோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், 1924ஆம் வருஷத்து ஓக்லாண்ட் காரின் நீல நிறத்தோடு வெளிவந்து, இந்த வாரங்களை மணிகளாகச் சுருக்கிவிட்டது. பிறகு எனாமல்கள் வந்தன. நம் நாட்டுத் தெருக்களை ஆண்ட அம்பாஸடர், பிரீமியர், சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஆகியவை எல்லாம் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அடங்கிய வர்ணத்தை அணிந்திருந்தவை. நிறத்தைக் கீழேயும் தெளிந்த பூச்சை மேலேயும் பிரித்து வைக்கும் முறை 1980களில்தான் உலகெங்கும் பரவத் தொடங்கியது.

இந்தச் சரித்திரத்தைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பூச்சுள்ள அம்பாஸடரை ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால், துணியில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். எவ்வளவு கரைந்தது என்பதைத் துணியே காட்டிக் கொடுத்துவிடும். மங்கிய மேற்பரப்பு போய், அடியிலிருந்து அதே நிறம் புதிதாக எழும்பும். கிளியர் கோட் போட்ட இன்றைய வண்டியைத் தேய்க்கும்போது துணியில் தெரிவது வெள்ளைக் குழம்பு மட்டுமே. எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்று கண்ணால் காணும் மார்க்கமில்லை. பழைய வண்டிகளில் பழகிய கை, புதிய வண்டியையும் அதே தைரியத்தோடு அணுகுவதால் விளைந்த நஷ்டங்களை எந்த ஊரிலும் காணலாம்: கூரையிலும் பானெட்டிலும் தோல் உரிந்ததுபோல் வெள்ளைத் திட்டுகள் படர்ந்து நிற்கும் வண்டிகளில் ஒரு பகுதி, வெயிலால் மட்டும் அந்தக் கதிக்கு வந்தவை அல்ல.

கீறல் கண்ணுக்குத் தெரிவதன் ரகசியம் ஒளியில் இருக்கிறது. சமமான பரப்பின் மேல் விழும் ஒளி ஒரு திசையில் ஒழுங்காகத் திரும்புகிறது. பள்ளத்தின் கரைகளில் விழும் ஒளி பல திசைகளிலும் சிதறி, வெண்மையான கோடாகத் தோன்றுகிறது. வெள்ளை வண்டியில் அந்த வெண்மை மறைந்துகொள்ளும். கறுப்பு வண்டியில் கூச்சலிடும். கறுப்பு வண்டி வாங்கியவர்கள் தங்கள் வண்டிதான் எளிதில் கீறுகிறது என்று வருந்துவதுண்டு. பெரும்பாலும் கீறுவது ஒரே அளவுதான், தெரிவதில்தான் வித்தியாசம். உச்சி வெயிலில் பானெட்டின் மேல் சூரிய பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்ட வட்டமாகத் தோன்றும் நுண் கோடுகளைப் பற்றியும் ஒரு தப்பபிப்பிராயம் நிலவுகிறது. துடைப்பவன் வட்டமாகத் துடைத்ததால் வந்தது என்று அவன்மேல் பழி போடுவார்கள். உண்மையில் அந்தக் கோடுகள் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடுகின்றன. ஒளியின் பிம்பத்தைச் சுற்றிக் குறுக்காக அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணை நோக்கித் திருப்புகின்றன, மற்றவை இருளில் நிற்கின்றன. தலையை ஒரு முழம் நகர்த்திப் பார்த்தால் வலையும் கூடவே நகர்வதைக் காணலாம்.

துடைப்பவன் வட்டமாகத் துடைத்தான் என்பது குற்றமில்லை. உலர்ந்த துணியால் துடைத்தான் என்பதே குற்றம். சாலைத் தூசியில் பெரும் பகுதி மணல், அதாவது குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7ஆம் படியில் நிற்பது, பேனாக்கத்தியின் எஃகையே கீறவல்லது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் விடியற்காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு வண்டிகளைத் துடைத்து முடிக்கும் வழக்கத்தில், ஐந்தாவது வண்டிக்கு வரும்போது அந்தத் துணி ஏறக்குறைய உப்புத்தாளாகவே மாறிவிட்டிருக்கும். வேகமாக மோதிய இருசக்கர வண்டியின் கைப்பிடியும், சந்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சீமைக்கருவேல முள்ளும், சாவிக்கொத்தோடு விளையாடும் சிறுவனும் உண்டாக்கும் கீறல்கள் ஆத்திரத்தை மூட்டுகின்றன. எண்ணிக்கையில் அவை சொற்பம். அன்றாடம் அக்கறையோடு செய்யப்படும் சுத்தம்தான் ஆயிரக்கணக்கில் கோடுகளை இழுக்கிறது. காற்றில் படபடக்கும் உறையைத் தூசி படிந்த வண்டியின் மேல் போர்த்துவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

பரிசோதனைக்கு வருவோம். புதுப்பேட்டைப் பக்கத்துப் பெயின்டர் ஒருவர் வாடிக்கைக்காரரிடம் வேறெதுவும் கேட்காமல், "நகத்தை வச்சு குறுக்கால இழுத்துப் பாருங்க சார், மாட்டுதா?" என்று மட்டும் கேட்பார். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கீறல் கிளியர் கோட்டின் மேற்பாகத்தோடு நின்றுவிட்டது, தேய்த்து எடுக்கலாம். நகம் தடைப்பட்டால் ஆழம் அதிகம். தேய்த்து முழுவதும் போக்க முயல்வது ஆபத்து. இதற்குத் துணையான இன்னொரு பரீட்சை தண்ணீர். கீறலின் மேல் தண்ணீர் தெளித்தவுடன் கோடு கண்ணிலிருந்து மறைந்தால், பள்ளம் தெளிந்த பூச்சுக்குள்ளேதான் இருக்கிறது என்று அர்த்தம். காற்றைவிடத் தண்ணீரின் ஒளிமுறிவுத் திறன் பூச்சினுடையதற்குச் சமீபமாக இருப்பதால், பள்ளம் நிரம்பியதும் சிதறல் அடங்கிவிடுகிறது. தண்ணீர் பட்டும் வெண்மையாகவோ சாம்பலாகவோ கோடு நின்றால் பிரைமர் வரை போயிருக்கிறது. உலோகம் மின்னினால், அல்லது செம்பழுப்புப் படிந்திருந்தால், விஷயம் அழகைத் தாண்டிவிட்டது. இவை போக, கீறலே அல்லாத கீறலும் உண்டு. கம்பத்திலோ வேறு வண்டியிலோ உரசியபோது அதன் வர்ணம் நம் வண்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்த்தால் பெரிய காயம்போல் தோன்றும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பொறுமையாகத் துடைத்தால் முக்கால்வாசி வந்துவிடும். பட்டறைக்குப் போகு முன் இந்தப் பிரயோகத்தைச் செய்து பார்க்காதவர்கள் வீணாகக் காசு இழக்கிறார்கள். தின்னரை மட்டும் கையில் எடுக்கக் கூடாது. தொழிற்சாலையில் சூளையில் வாட்டிய பூச்சு அதைச் சற்று நேரம் தாங்கும். இடையில் யாராவது லேக்கர் அடித்துச் சரிக்கட்டிய பாகமானால் அந்த க்ஷணமே கரைந்து வழிந்துவிடும்.

வீட்டு வைத்தியங்களைப் பரிகசிப்பது எளிது. அவற்றின் நியாயத்தை அறிவது பயனுள்ளது. பற்பசையில் சிலிக்காவோ கால்ஷியம் கார்பனேட்டோ நுண்துகளாகக் கலந்திருக்கிறது; அது தேய்க்கும் பொருள்தான், ஆகையால் மிக மெல்லிய கோடுகளை ஓரளவு மழுக்கவே செய்யும். ஆனால் அதன் துகள்கள் பல்லின் எனாமலை உத்தேசித்து அமைந்தவை. பல்லின் எனாமலோ கார்ப்பூச்சைவிட எத்தனையோ மடங்கு கடினமானது. ஒரு கோட்டை மழுக்கும் முயற்சியில் அதைச் சுற்றி ஒரு கையகலம் மங்கலாகிவிடுவதன் காரணம் இதுவே. தேங்காய் எண்ணெயின் யுக்தி வேறு. அது எதையும் தேய்ப்பதில்லை. தண்ணீர்ப் பரீட்சையில் தண்ணீர் செய்த வேலையை, இன்னும் நேர்த்தியாகவும் இன்னும் சற்று நீடித்தும் செய்கிறது. அடுத்த முறை சோப்புப் போட்டுக் கழுவியதும் கோடு திரும்பி வரும், அதற்குள் தூசியையும் சேர்த்துக்கொண்டிருக்கும். விலை உயர்ந்த சில பாலிஷ்களிலும் பள்ளத்தை நிரப்பிக் காட்டும் எண்ணெய்களும் மெழுகுகளும் இருக்கின்றன என்பதையும், பழைய கார் விற்பவர்கள் அவற்றை நன்கு அறிவார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சமையலறை எண்ணெயைக் கேலி செய்துவிட்டு அதே வித்தையைப் பெரிய கிரயம் கொடுத்து வாங்குவதில் பெருமையொன்றுமில்லை.

இனி, கீறலை உண்மையாகவே நீக்கும் முறை. நீக்குதல் என்று வழக்கத்தில் சொல்கிறோமே தவிர, பள்ளத்தை எவராலும் நீக்க முடியாது. அதைச் சுற்றியுள்ள மேட்டைப் பள்ளத்தின் அடிமட்டம் வரை தாழ்த்துவதே இங்கு நடக்கும் வேலை. வண்டியை முதலில் நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் தாரையும் இரும்புத் துகளையும் களிமண் போன்ற ஒரு பசைக்கட்டியால் உருட்டி எடுத்த பின்பே தொடங்குவார்கள். கோடு சற்று ஆழமானால் 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் ஊறவைத்து, ரப்பர் கட்டையில் சுற்றி, ஒரே திசையில், அழுத்தாமல், கட்டையின் கனத்தை மட்டும் நம்பித் தேய்க்க வேண்டும். பால்போல் ஒரு நீர் ஓடும். துடைத்துப் பார்த்தால் அந்த இடம் பளபளப்பு முழுவதையும் இழந்து பனி மூடியதாகக் கிடக்கும்; முதன்முறை பார்க்கிற உடையவர் நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். மங்கலின் நடுவே இன்னும் மின்னிக்கொண்டிருக்கும் மெல்லிய கோடு தெரிகிறதா என்று பார்ப்பதே தொழிலாளியின் திறமை. கோடு மின்னுகிறவரை அதன் அடிமட்டத்தை எட்டவில்லை. பிறகு 3000 நம்பர் தாளால் அந்த மங்கலை மென்மையாக்கி, காம்பவுண்டும் கம்பளி அல்லது நுரைத் திண்டும் கொண்டு, அதன் பின் நுண்ணிய பாலிஷும் மெதுவான திண்டும் கொண்டு பளபளப்பை மீட்கிறார்கள். ஒவ்வொரு படியிலும் செய்வது, முந்தைய படி விட்ட கீறல்களைவிட நுண்ணிய கீறல்களை இடுவதே. கண் பிரித்தறிய முடியாத நுண்மையை எட்டியதும் அதைப் பளபளப்பு என்கிறோம்.

இயந்திரங்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒரே அச்சில் சுழலும் பஃபிங் மிஷின் வேகமாகப் பூச்சை எடுக்கும்; ஒரே இடத்தில் சற்றுத் தாமதித்தால் சூடேறிப் பூச்சைக் கருக்கிவிடும்; நன்றாகக் கையாளத் தெரியாதவன் கையில் சுழல் சுழலாகத் தழும்புகளை விட்டுச்செல்லும். சுழன்றுகொண்டே இடம்பெயர்ந்து ஆடும் மற்றொரு வகை, வேலையில் மந்தம். பிழையை மன்னிப்பதில் தாராளம். வீட்டில் தாமே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பின்னதையே சிபாரிசு செய்யலாம். எந்த மிஷினானாலும் கதவின் விளிம்பு, மட்கார்டின் மடிப்பு, பானெட்டின் முகடு ஆகிய இடங்களில் பூச்சு இயல்பாகவே மெலிந்திருக்கும். சுழலும் திண்டின் அழுத்தம் முழுவதும் அந்த ஒரு வரியில் குவியும். அனுபவசாலிகள் விளிம்புகளின் மேல் காகித டேப் ஒட்டிவிட்டே மிஷினைக் கையில் எடுப்பார்கள்.

இந்த வேலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைப் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. 40 மைக்ரான் என்று தொடங்கும் கிளியர் கோட், வண்டியின் ஆயுள் முழுவதற்கும் உரிய இருப்பு. ஒவ்வொரு கடுமையான பாலிஷும் அதிலிருந்து சில மைக்ரான்களை எடுத்துக்கொண்டு போகிறது. வாட்டர் பேப்பர் அதைவிட அதிகம் எடுக்கிறது. எடுத்ததைத் திருப்பி வைக்கும் உபாயம் மறுபடி ஸ்பிரே அடிப்பதைத் தவிர வேறில்லை. புற ஊதாக் கதிரைத் தடுத்து அடியிலுள்ள நிறத்தைக் காக்கும் ரசாயனங்களும் இந்த அடுக்கிலேயே கலந்திருக்கின்றன. மெலிந்துபோன கிளியர் கோட் நம் ஊர்ச் சித்திரை வெயிலை வருஷக்கணக்கில் தாங்காது. ஆண்டுதோறும் சர்வீஸுக்கு விடும்போது பில்லில் ஒரு வரியாகப் பாலிஷையும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்காததற்கு இதுவே காரணம். பூச்சின் கனத்தை அளக்கும் சிறு கருவி இப்போது கிடைக்கிறது. எஃகின் மேல் காந்தத் தூண்டலாலும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்டத்தாலும் அளக்கும் அதைத் தொட்டுப் பார்க்காமல் வாட்டர் பேப்பரை எடுக்கும் கடையில் வண்டியை விடாமலிருப்பது நல்லது. ஆனால் அக்கருவி காட்டுவது நான்கு அடுக்குகளின் மொத்தத்தையே. கிளியர் கோட்டை மட்டும் தனியே சொல்லாது.

நகம் மாட்டும் கீறலுக்கு டச்சப்பே தகும். காரின் கதவுத் தூணிலோ எஞ்சின் அறையிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் வர்ணத்தின் குறியெண் இருக்கும். அதைச் சொல்லிச் சிறு புட்டி வாங்கி, துருவைச் சுரண்டி, பிரைமர் தொட்டு, மிக நுண்ணிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் வர்ணத்தை விட்டு, காய்ந்ததும் மறுபடி விட்டு, மேலே கிளியர் கோட் வைக்க வேண்டும். அருகில் பார்த்தால் தெரியும், நாலடி தள்ளி நின்றால் தெரியாது, துரு ஏறாது. கடலோர ஊர்களில் உப்புக் காற்று துருவை விரைவுபடுத்துவதால், உலோகம் தெரியும் கீறலை மழைக்காலத்துக்கு முன் இவ்வாறு மூடிவிடுவதில் தாமதம் கூடாது. வெள்ளி, சாம்பல் போன்ற மெட்டாலிக் நிறங்களில்தான் டச்சப் தோற்றுவிடுகிறது. அவற்றிலுள்ள அலுமினியச் செதில்கள் ஸ்பிரேயில் ஒருவிதமாகவும் தூரிகையில் வேறுவிதமாகவும் படுத்துக்கொள்வதால், நிறம் ஒன்றாக இருந்தும் சாயல் மாறிவிடும். கதவு முழுவதும் ஸ்பிரே அடித்தாலும் பக்கத்து மட்கார்டோடு பொருந்தாமல் போவதுண்டு. கைதேர்ந்த பெயின்டர் நிறத்தை அடுத்த பாகத்தின் பாதி வரை மெலிதாக்கிக் கொண்டுபோய்க் கரைத்துவிடுவார்.

பம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிளாஸ்டிக்; துருப்பிடிக்காது. நகரத்தில் அதிகமாக உரசுவதும் அதுவே. அதில் விழும் கீறலுக்கு அவசரம் எதுவுமில்லை.

கீறல் வருமுன் காப்பதாகச் சொல்லிக்கொண்டு வரும் பண்டங்கள் இன்று பெருகிவிட்டன. பிரேஸில் நாட்டுக் கார்நௌபா மெழுகு தண்ணீரை உருட்டி ஓட்டும், அழகு தரும், சில வாரங்களில் போய்விடும். செராமிக் பூச்சு என்பது சிலிக்காவை ஆதாரமாகக் கொண்ட மிக மெல்லிய படலம்; அழுக்கை ஒட்டவிடாமல் செய்வதிலும் கழுவுவதை எளிதாக்குவதிலும் அது மெச்சத்தக்கது. ஆனால் அதன் விளம்பரத்தில் 9 எச் என்று கொட்டை எழுத்தில் காண்பது பென்சில் கொண்டு செய்யும் கடினப் பரீட்சையின் அளவு. கற்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவன்று. மணலுக்கு அது பயப்படும். உண்மையான காப்புத் தருவது, 150 முதல் 200 மைக்ரான் வரை கனமுள்ள பாலியூரிதேன் படலம்; வண்டியின் பூச்சு முழுவதையும்விடக் கனமான ஒன்றை அதன்மேல் ஒட்டினால் காக்கத்தானே செய்யும்? நுண்கீறல்கள் வெயில் சூட்டில் தாமே அடைந்துகொள்ளும் குணமும் அதற்கு உண்டு. அந்தக் குணத்தையே கிளியர் கோட்டுக்குள் கொண்டுவரும் முயற்சியை நிஸான் கம்பெனியார் 2005இல் வெளியிட்டார்கள். படலத்தின் விலையைக் கேட்ட பின், சாதாரணக் குடும்பத்தார் பானெட்டுக்கும் கதவுக் கைப்பிடிக் குழிக்கும் மட்டும் ஒட்டிக்கொள்வது விவேகம். அதிலும் விலை குறைந்த காப்பு ஒன்று உண்டு: முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்கிவிட்டு, பிறகு சோப்புக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி என்று இரண்டு வாளிகளோடு கழுவுவது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று சிறு கீறலுக்கும் கோரிக்கை எழுதுபவர்கள், கோரிக்கை இல்லாத முதல் வருஷத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடியை அந்த ஒரு கதவுக்காக இழக்கிறார்கள். சொந்த வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி என்பது பல வண்டிகளுக்கு ஒரு டச்சப்பின் செலவைவிடப் பெரிது. அதோடு, வர்ணப் பொருளின் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானமாகக் கழித்துக்கொண்டே கம்பெனியார் பணம் தருவார்கள்.

பழைய கார் வாங்கும் தரகர்கள் இப்போது அந்த அளவுக் கருவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கதவிலும் மட்கார்டிலும் ஒற்றிப் பார்த்து, 110, 120 என்று எண் வந்தால் பேசாமல் நகர்கிறார்கள், 250 வந்தால் நின்று, மறுபடி ஒற்றி, "இது எப்ப அடிச்சது?" என்று கேட்கிறார்கள். ஒரு கோட்டுக்காக முழுக் கதவுக்கும் பெயின்ட் அடித்தவர் அப்போது விபத்தே நடக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. கோட்டை அப்படியே விட்டவருக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. தரகர் கோட்டைப் பார்த்து விலையில் கொஞ்சம் குறைப்பார், அவ்வளவுதான்.